பால் கேன்களில் புதைத்த வரலாறு
(வார்சா கெட்டோவில் யூதர் வாழ்வு)

முன்னுரை

வரலாறு என்பது வென்றவர் எழுதி வைப்பது என்று கூறுவதுண்டு. கல்வெட்டும் செப்பேடும் அரசர் வெட்டுவித்தவை. தோற்றவன் என்ன உண்டான், எப்படி உறங்கினான், எதற்கு அஞ்சினான் என்பதை எந்தக் கல்லும் நமக்குச் சொல்வதில்லை. ஆனால் இக்கூற்றுக்கு விலக்காக அமைந்த நிகழ்ச்சி ஒன்று இருபதாம் நூற்றாண்டிலேயே நடந்தது.

1943-ஆம் ஆண்டு மே மாதம், போலந்து நாட்டின் தலைநகரான வார்சாவில், ஜெர்மன் படைத்தலைவன் யூர்கன் ஸ்ட்ரூப் தன் வெற்றியை விரிவான அறிக்கையாக எழுதி, புகைப்படங்கள் ஒட்டி, தோல் அட்டை போட்டு மேலிடத்துக்கு அனுப்பினான். வார்சாவில் யூதர் குடியிருப்பு என்பது இனி இல்லை என்பதே அதன் தலைப்பின் பொருள். அதே வேளையில் அதே நகரில், ஒரு பள்ளிக்கூடத்தின் நிலவறையில், மண்ணுக்கு அடியில், தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் வேறொரு வரலாறு உறங்கிக் கிடந்தது. அதை எழுதியவர்கள் அழிக்கப்பட்டவர்கள். அந்த எழுத்தின் துணைகொண்டு வார்சா கெட்டோவில் யூதர் வாழ்ந்த வாழ்வை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிழைத்தல் என்னும் தமிழ்ச் சொல்லுக்கு மூன்று பொருள் உண்டு. சாவினின்று தப்புதல் ஒன்று. பிழைப்பு நடத்துதல், அதாவது அன்றாட வயிற்றுப்பாட்டைப் பார்த்துக் கொள்ளுதல் மற்றொன்று. தவறு செய்தல் மூன்றாவது. கெட்டோவின் வாழ்வில் இம்மூன்றும் பிரிக்க ஒண்ணாதபடி பின்னிக் கிடந்தன. இதனை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

கெட்டோ - சொல்லும் பொருளும்

கெட்டோ என்னும் சொல் இத்தாலியிலிருந்து வந்தது. 1516-இல் வெனிஸ் நகர ஆட்சியினர் யூதர்களை ஒரு தனிப் பகுதியில் குடியேற்றி இரவில் வாயிலை அடைத்தனர். அப்பகுதிக்கு வழங்கிய பெயரே பின்னர் ஐரோப்பா எங்கும் யூதர் அடைக்கப்பட்ட இடங்களுக்குப் பொதுப் பெயராயிற்று. ஏழை மக்கள் நெருங்கி வாழும் பகுதி என்று மட்டும் இதற்குப் பொருள் கொள்ளுதல் கூடாது. வறுமையால் ஒருவன் ஓரிடத்தில் ஒதுங்கி வாழ்வது வேறு. சட்டத்தாலும் சுவராலும் செல்வனும் வறியனும் ஒருசேர அடைக்கப்படுவது வேறு. ஆகவே இக்கட்டுரையில் கெட்டோ என்ற சொல்லையே வழங்குகிறோம்.

வெனிஸ் கெட்டோவுக்கும் நாஜிகள் அமைத்த கெட்டோவுக்கும் பெருத்த வேறுபாடு உண்டு. முன்னது காலையில் திறந்தது. யூதர் வெளியே சென்று வாணிகம் செய்து மாலையில் திரும்பினர். நாஜிகளின் கெட்டோவோ உள்ளே இருப்பவர் வெளியேற முடியாத கூண்டு. பின்னர் அது கொலைக்களத்துக்குச் செல்லும் வழியில் ஒரு நிறுத்தமாகவே ஆயிற்று.

மதில் எழுந்த வரலாறு

போருக்கு முன் வார்சாவில் 3,50,000-க்கும் மேற்பட்ட யூதர் வாழ்ந்தனர். நகர மக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பேர் யூதர். உலகில் நியூயார்க் ஒன்றே இதைவிடப் பெரிய யூத மக்கள்தொகை கொண்ட நகரமாக இருந்தது. மருத்துவர், வழக்கறிஞர், தையற்காரர், சுமை தூக்குவோர், அச்சகத்தார், நாடகக் கலைஞர் என எல்லாத் தரத்தினரும் அவர்களிடையே இருந்தனர். வீட்டில் இத்திஷ் மொழியும் வெளியில் போலிஷ் மொழியும் பேசினர்.

1939 செப்டம்பர் 1-ஆம் நாள் ஜெர்மனி போலந்தின் மீது படையெடுத்தது. அம்மாத இறுதியில் வார்சா வீழ்ந்தது. அதன்பின் ஆணைமேல் ஆணை பிறந்தது. யூதர் தலைமைக் குழு ஒன்றை அமைத்து, பொறியாளர் ஆடம் செர்னியாகோவ் என்பவரைத் தலைவராக்கினர். யூதர் வெள்ளைப் பட்டையில் நீல நிற ஆறுமுனை விண்மீன் பொறித்துக் கையில் அணிய வேண்டும் என்ற ஆணை 1939 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. வங்கிப் பணம் முடக்கப்பட்டது, கடைகளும் தொழிற்கூடங்களும் பறிக்கப்பட்டன, பள்ளிகள் மூடப்பட்டன.

1940 அக்டோபர் 12 அன்று கெட்டோ அமைக்கும் ஆணை வெளியாயிற்று. அன்று யூதர்களின் புனித நோன்பு நாளான யோம் கிப்பூர். நவம்பர் நடுவில் வாயில்கள் அடைக்கப்பட்டன. ஏறத்தாழ 3 மீட்டர் உயரமான மதிலின் உச்சியில் கண்ணாடித் துண்டுகளும் முள்கம்பியும் பதித்தனர். மதில் கட்டும் செலவையும் யூதர் தலையிலேயே சுமத்தினர் என்பது நோக்கத்தக்கது. அடைபடுபவனே தன் சிறைக்குச் செங்கல் வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது!

நகரப் பரப்பில் நூற்றுக்கு 2.4 பங்கே கெட்டோவுக்கு ஒதுக்கப்பட்டது. அதற்குள் 4,00,000-க்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டனர். சிற்றூர்களிலிருந்து விரட்டப்பட்டவர்களும் வந்து சேரவே, ஓர் அறைக்குச் சராசரி 7 பேருக்கு மேல் ஆயினர். 'பெரிய கெட்டோ', 'சிறிய கெட்டோ' என்று இரு பகுதிகள். இரண்டுக்கும் இடையே யூதரல்லாதார் செல்லும் ஹ்வோட்னா தெரு குறுக்கிட்டது. அத்தெருவுக்கு மேலே 1942 தொடக்கத்தில் மரப்பாலம் ஒன்று கட்டினர். பாலத்தின் மேல் நடந்த யூதர், கீழே டிராம் வண்டி ஓடுவதையும் மக்கள் உலாவுவதையும் காண்பர். கண்ணால் காணலாம், காலால் செல்ல முடியாது.

பசியும் கடத்தலும்

1941-இல் கெட்டோவாசி ஒருவருக்கு ஜெர்மானியர் வகுத்த உணவுப் பங்கீடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 கலோரி. வளர்ந்த மனிதன் ஒருவன் உயிர் வாழ 2,000 கலோரியளவு தேவை என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் உட்பொருள் விளங்கும். பங்கீட்டு அட்டையை மட்டும் நம்பியிருந்தால் ஒரு சில மாதங்களில் கெட்டோ முழுவதும் சுடுகாடாகியிருக்கும். அப்படி ஆகாததற்குக் காரணம் கடத்தல்.

கெட்டோவுக்குள் வந்த உணவில் மிகப் பெரும்பகுதி சட்டத்துக்குப் புறம்பாக வந்ததே. மதிலை ஒட்டிய வீடுகளின் கூரை வழியாகவும், நிலவறைகளின் துளை வழியாகவும், காவலருக்குக் கையூட்டுக் கொடுத்து வாயில் வழியாகவும் மாவும் உருளைக்கிழங்கும் வந்தன. இவ்வகையில் பெரும் பணம் சேர்த்தவர்களும் இருந்தனர். ஆனால் கெட்டோவின் உண்மையான கடத்தற்காரர்கள் சிறுவர் சிறுமியரே. ஆறு, ஏழு வயதுக் குழந்தைகள் மதிலின் அடியில் நீர் வடியும் துளைகளில் நுழைந்து வெளியே சென்று, சட்டையின் உட்புறத்தில் உருளைக்கிழங்கை நிரப்பிக் கொண்டு அதே துளை வழியே திரும்பினர். பெற்றோரைக் காப்பாற்றும் குடும்பத் தலைவர்களாக அக்குழந்தைகள் விளங்கினர். பிடிபட்டவர் அடியுண்டனர், பலர் சுடப்பட்டனர். 1941 அக்டோபரில், கெட்டோவை விட்டு அனுமதியின்றி வெளியேறும் யூதருக்கு மரண தண்டனை என ஆணை பிறந்தது. அதன் பின்னும் கடத்தல் நிற்கவில்லை. வெளியே போனால் சுடுவார்கள். போகாவிட்டால் பசி கொல்லும். இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டிய நிலையில் ஒரு குழந்தை நின்றது.

பசியோடு நச்சுக் காய்ச்சலும் சேர்ந்தது. நெருக்கத்தில் பேன் பெருகியது; பேன் வழியே டைபஸ் பரவியது. 1941 ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் ஒவ்வொரு மாதமும் 5,000 பேருக்கு மேல் மடிந்தனர். நடைபாதையில் பிணங்களை வைத்துத் தாளால் மூடிவிட்டுச் செல்வது அன்றாடக் காட்சியாயிற்று. 1940 முதல் 1942 நடுப்பகுதி வரையில் பசியாலும் நோயாலும் இறந்தவர் ஏறத்தாழ 83,000 பேர். ஒரு குண்டும் வெடிக்காமல் நிகழ்ந்த கொலை இது.

ஒருவருக்கொருவர் துணை

இத்தகைய இடத்தில் மனிதன் விலங்காகி விடுவான் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் கெட்டோவின் வரலாறு அவ்வளவு எளிதாக முடிவு கூற இடந்தரவில்லை.

வார்சாவில் நடுமுற்றத்தைச் சுற்றி நாற்புறமும் அடுக்கு வீடுகள் அமைந்த கட்டடங்கள் மிகுதி. ஒவ்வொரு கட்டடத்திலும் குடியிருந்தோர் கூடி வீட்டுக் குழு ஒன்றை அமைத்துக் கொண்டனர். இத்தகைய குழுக்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டு இயங்கின. இருப்பவனிடம் திரட்டி இல்லாதவனுக்குக் கொடுத்தல், நோயாளியைக் கவனித்தல், அநாதைக் குழந்தைகளுக்கு உணவளித்தல் முதலியன இவற்றின் பணிகள். யூதர் தன்னுதவி அமைப்பு என்ற பேரமைப்பு பொதுச் சமையற்கூடங்களை நடத்தியது. லெஷ்னோ தெருவில் 40-ஆம் எண் கட்டடத்தில் இருந்த சமையற்கூடத்தை எழுத்தாளர் ரேச்சல் அவர்பாக் என்னும் பெண்மணி நடத்தினார். வேறு வருவாய் ஏதுமின்றி அக்கூடத்துச் சூப்பை மட்டுமே நம்பி வந்தவர்கள் மெல்ல மெல்ல வற்றி இறப்பதை அவர் நாள்தோறும் கண்டார். நாம் உயிரைக் காக்கிறோமா, சாவை நீட்டிக்கிறோமா என்ற கேள்வி அவரை வாட்டியது. ஆயினும் மறுநாள் காலையில் அடுப்பு மூட்டப்பட்டது.

கல்வியும் கலையும் மருத்துவமும்

பள்ளிகள் தடை செய்யப்பட்ட காலத்தில் சமையற்கூடங்களே மறைமுகப் பள்ளிகளாயின. குழந்தைகளுக்கு உணவு வழங்கும் இடம் என்று வெளியே சொல்லி, உள்ளே எழுத்தும் எண்ணும் கற்பித்தனர். 1941 இலையுதிர் காலத்தில்தான் தொடக்கப் பள்ளிகள் சிலவற்றுக்கு இசைவு கிடைத்தது. உயர்கல்விக்கு இசைவே இல்லை. எனினும், தொற்றுநோய்த் தடுப்புப் பயிற்சி என்ற பெயரில் இசைவு பெற்று, உண்மையில் மருத்துவக் கல்லூரிப் பாடங்களையே நடத்திய வகுப்புகள் இருந்தன. பசித்த வயிற்றோடு மாலை நேரங்களில் மாணவர் உடற்கூற்றியல் பயின்றனர். பட்டம் வழங்கப் பல்கலைக்கழகம் இல்லை. பட்டம் பெறும் நாள் வரை உயிரோடு இருப்போம் என்ற உறுதியும் இல்லை. இருந்தும் படித்தனர்.

மருத்துவர்கள் செய்த பணி இன்னும் வியப்புக்குரியது. மருத்துவமனையில் மருந்து இல்லை, உணவும் இல்லை. நோயாளியின் நோயே பசிதான். பசியை மாற்ற இயலாத மருத்துவர்கள் அதனை ஆராயத் துணிந்தனர். டாக்டர் இஸ்ரேல் மிலெய்கோவ்ஸ்கி தலைமையில் 1942 பிப்ரவரியில் ஆய்வு தொடங்கியது. நீடித்த பட்டினியால் இதயம், இரத்த ஓட்டம், கண், இரத்தம் முதலியன எவ்வெவ்வாறு மாறுகின்றன என்று அளந்து எழுதினர். ஆராய்ந்தவர்களும் பட்டினியில் இருந்தவர்களே. ஜூலையில் மக்களை நாடு கடத்துதல் தொடங்கவே ஆய்வு இடையில் நின்றது. கையெழுத்துப் பிரதியை மதிலுக்கு வெளியே அனுப்பிப் போலந்துப் பேராசிரியர் ஒருவரிடம் ஒப்படைத்தனர். அது 1946-இல் நூலாக வெளிவந்தது. பட்டினி பற்றிய மருத்துவ இலக்கியத்தில் அந்நூலுக்கு இன்றும் இடமுண்டு. எழுதிய மருத்துவர்களில் பெரும்பாலோர் அதை அச்சில் காணவில்லை.

நம் நாட்டோடு தொடர்புடைய நிகழ்ச்சி ஒன்றையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். டாக்டர் யானுஷ் கோர்சாக் என்பவர் போலந்தில் புகழ்பெற்ற குழந்தை எழுத்தாளர். அநாதை இல்லம் ஒன்றின் தலைவர். கெட்டோவுக்குள் ஏறத்தாழ 200 குழந்தைகளை அவர் வளர்த்து வந்தார். 1942 ஜூலை 18 அன்று அவ்வில்லத்துக் குழந்தைகள் இரவீந்திரநாத் தாகூரின் 'தபால் நிலையம்' என்ற நாடகத்தை நடித்தனர். நோயுற்று அறைக்குள் அடைபட்ட சிறுவன் அமல், சாளரத்தின் வழியே உலகைக் கண்டு, அரசனிடமிருந்து தனக்குக் கடிதம் வரும் என்று காத்திருப்பதே அதன் கதை. மதிலுக்குள் அடைபட்ட குழந்தைகளுக்கு அந்த வங்கச் சிறுவன் அயலான் அல்லன். நாடகம் நடந்த சில நாட்களில் நாடு கடத்தல் தொடங்கியது. ஆகஸ்டுத் தொடக்கத்தில் அக்குழந்தைகளின் முறையும் வந்தது. தாம் மட்டும் தப்பும் வாய்ப்பைக் கோர்சாக் ஏற்கவில்லை. குழந்தைகளோடும் உடன் பணியாற்றியவர்களோடும் தாமும் நடந்து சென்று இரயிலேறினார்.

சனிக்கிழமைக் குழு

இவற்றையெல்லாம் நாம் எவ்வாறு அறிகிறோம்? இங்குதான் நம் கட்டுரையின் மையக் கருத்துக்கு வருகிறோம்.

இம்மானுவேல் ரிங்கல்பிளம் 1900-இல் பிறந்தவர். வார்சா பல்கலைக்கழகத்தில் வரலாற்றில் டாக்டர் பட்டம் பெற்றவர். உயர்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பித்தவர். போர் மூண்ட வேளையில் ஜெனிவாவில் மாநாட்டில் இருந்தார். அப்படியே வெளிநாட்டில் தங்கியிருக்கலாம். ஆனால் வார்சாவுக்குத் திரும்பினார். கெட்டோ அடைக்கப்பட்ட ஒரு வாரத்தில், 1940 நவம்பர் 22 அன்று, நண்பர்கள் சிலரைக் கூட்டி ஆவணக் குழு ஒன்றை அமைத்தார். சனிக்கிழமைகளில் கூடியதால் 'ஓய்வுநாள் மகிழ்ச்சி' என்று பொருள்படும் 'ஓனெக் ஷபாத்' என்பதை மறைபெயராக வைத்துக் கொண்டனர்.

ஆசிரியர், எழுத்தாளர், சமய குரு, பொருளியலார், தபால்காரர் எனப் பலதரப்பட்ட 50, 60 பேர் இதில் உழைத்தனர். ஹெர்ஷ் வாசர் செயலாளர். ராபி ஷிமோன் ஹூபர்பான்ட் சமய வாழ்வைப் பதிவு செய்தார். பெரட்ஸ் ஒப்போசின்ஸ்கி கெட்டோவில் வீடு வீடாகத் தபால் கொண்டு சென்றவர்; படியேறி இறங்கும் போது கண்டதையும் கேட்டதையும் எழுதினார். செசிலியா ஸ்லபகோவா பலதரப்பட்ட பெண்களைச் சந்தித்து, கணவனை இழந்தும் பிரிந்தும் அவர்கள் குடும்பத்தைத் தாங்கும் வகையை எழுதினார்.

இவர்களது ஆராய்ச்சி முறை வரலாற்று மாணவர் அனைவரும் அறிய வேண்டியது. முதலாவதாக, வினாநிரல் தயாரித்துக் களத்தில் இறங்கித் தகவல் திரட்டினர். இரண்டாவதாக, ஒரே நிகழ்ச்சியைப் பலரிடம் கேட்டு எழுதினர். பெரியவர் சொல்வதோடு சிறுவர் எழுதிய பள்ளிக் கட்டுரையையும் சேர்த்து வைத்தனர். மூன்றாவதாக, நிகழ்ச்சி நடந்த உடனே எழுதினர். நாளைய துன்பம் இன்றைய துன்பத்தைச் சிறிதாக்கி விடும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். நான்காவதாக, எந்தத் தாளையும் அற்பமென்று தள்ளவில்லை. பங்கீட்டு அட்டை, டிராம் சீட்டு, மிட்டாய் சுற்றிய தாள், உணவு விடுதியின் பட்டியல், ஒரே வீட்டில் பல குடும்பங்கள் குடியிருந்தமையால் யாருக்கு எத்தனை முறை மணி அடிக்க வேண்டும் என்று கதவில் எழுதிய குறிப்பு - இவையனைத்தும் ஆவணங்களாயின. ஓர் அறையில் எத்தனை பேர் என்ற கணக்கு தரும் செய்தியை அந்த மணிக் குறிப்பு இன்னும் தெளிவாகத் தருகிறது அன்றோ!

ஐந்தாவது நெறியே எல்லாவற்றிலும் கடினமானது. தம் மக்களின் குற்றங்களையும் மறைக்காமல் எழுதினர். பட்டினியால் சாகும் குழந்தையைத் தாண்டிச் சென்று விடுதியில் விருந்துண்டவர், கையூட்டு வாங்கிய அலுவலர், பின்னாளில் தம் மக்களையே பிடித்து இரயிலடிக்குக் கொண்டு சென்ற யூதக் காவற்படையினர் - எவரும் விடப்படவில்லை. பகைவன் கையில் இவ்வெழுத்துக் கிடைத்தால் தம் இனத்துக்கு இழிவாகுமே என்ற எண்ணம் எழாமல் இருந்திருக்காது. எனினும் அழிந்தவர் எல்லாரும் தெய்வங்கள் என்று எழுதினால், நடந்தது என்ன என்பதை உலகம் அறியாமல் போகும் என்று கருதினர். பிழைப்பதற்காகப் பிழை செய்தவனும் இந்த வரலாற்றில் ஓர் உறுப்பினனே.

குழுவின் பணி வெறும் பதிவோடு நிற்கவில்லை. 1942 ஜனவரியில் ஹெல்ம்னோ என்னும் இடத்திலிருந்து தப்பிய ஒருவர் வார்சாவுக்கு வந்து சேர்ந்தார். அங்கு மூடிய வண்டிகளுக்குள் நச்சுப்புகை செலுத்தி யூதரைக் கொல்வதையும், பிணங்களைப் புதைக்கும் வேலை தம்மீது சுமத்தப்பட்டதையும் அவர் சொல்ல, குழுவினர் எழுதிக் கொண்டனர். அவ்வறிக்கையைப் போலந்துத் தலைமறைவு இயக்கத்தின் வழியாக வெளியுலகுக்கு அனுப்பினர். அவ்வாண்டு ஜூன் மாதம் லண்டன் பி.பி.சி. வானொலி போலந்து யூதர் படுகொலை பற்றிய செய்தியை ஒலிபரப்பிய போது, தங்கள் உழைப்பு வீண் போகவில்லை என்று ரிங்கல்பிளம் மகிழ்ந்தார். ஆனால் செய்தி அறிந்த உலகம் விரைந்து வரவில்லை.

பெருங்கடத்தலும் புதைத்தலும்

1942 ஜூலை 22 அன்று நாடு கடத்தும் ஆணை வெளியாயிற்று. அநாதைக் குழந்தைகளையேனும் விலக்குமாறு செர்னியாகோவ் மன்றாடினார், பயனில்லை. மறுநாள் அவர் நஞ்சுண்டு மாண்டார். அவர் தலைமையைக் குறை கூறுவோரும் உளர். அவர் நிலையில் வேறென்ன செய்திருக்க முடியும் என்று கேட்போரும் உளர்.

கிழக்கே வேலைக்கு அனுப்புகிறோம் என்று அறிவித்தனர். தாமாக வருவோருக்கு 3 கிலோ ரொட்டியும் 1 கிலோ ஜாமும் தருவதாக ஆசை காட்டினர். பசித்திருந்த பலர் அந்த ரொட்டிக்காகவே சென்றனர். கொல்லப் போகிறவன் ரொட்டி கொடுப்பானா என்று அவர்கள் எண்ணியதில் வியப்பில்லை. இரயில்கள் சென்ற இடம் வார்சாவுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ட்ரெப்ளிங்கா. அது வேலை முகாம் அன்று, கொலைக்கூடம். செப்டம்பர் 21 வரை ஏறத்தாழ 2,65,000 பேர் அங்கு அனுப்பப்பட்டனர். ஆபிரகாம் லெவின் என்ற ஆசிரியர் தம் மனைவி பிடிபட்டுச் சென்றதையும் தம் நாட்குறிப்பில் எழுதினார். அதன் பின்னும் எழுதுவதை நிறுத்தவில்லை.

இந்த நாட்களில், ஆகஸ்டு 3 அன்று, நோவோலிப்கித் தெரு 68-ஆம் எண் பள்ளிக் கட்டடத்தின் நிலவறையில் ஆவணங்களின் முதற் பகுதியைப் பத்துத் தகரப் பெட்டிகளில் அடைத்துப் புதைத்தனர். ஆசிரியர் இஸ்ரேல் லிக்டென்ஸ்டைனும் அவருடைய பழைய மாணவர் இருவரும் இப்பணியைச் செய்தனர். டேவிட் கிராபருக்கு வயது 19. நாகும் கிஷிவாச்சுக்கு வயது 18. பக்கத்துத் தெருக்கள் சுற்றி வளைக்கப்பட்டிருந்த அந்த வேளையில், ஒவ்வொருவரும் தம்மைப் பற்றிச் சில வரிகள் எழுதிப் பெட்டியில் இட்டனர். தாம் பிழைத்திருந்து காணப் போவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். இப்புதையல் நல்லவர் கையில் சேர வேண்டும், உலகுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும் என்பதே அவர்கள் எழுதியதன் சாரம். நம் கல்லூரி மாணவர் வயதே அவர்களுக்கும்.

இரண்டாம் பகுதியை 1943 பிப்ரவரியில் இரண்டு பால் கேன்களில் அடைத்து அதே இடத்தில் புதைத்தனர். மூன்றாம் பகுதி வேறொரு தெருவில் புதைக்கப்பட்டது.

எழுச்சியும் முடிவும்

எஞ்சியோருள் இளைஞர் ஆயுதம் ஏந்தினர். 1943 ஏப்ரல் 19 அன்று, யூதரின் பாஸ்கா பண்டிகைக்கு முந்திய நாளில், ஜெர்மன் படை இறுதி அழிப்புக்கு உள்ளே நுழைந்தது. மோர்டெகாய் அனிலெவிச் முதலியோர் தலைமையில் சில நூறு பேர் கைத்துப்பாக்கியும் எரிகுண்டும் கொண்டு எதிர்த்தனர். வெல்வோம் என்று எண்ணி அவர்கள் போரிடவில்லை. எப்படிச் சாவது என்பதையேனும் தாமே முடிவு செய்யப் போரிட்டனர். ஜெர்மானியர் வீடு வீடாகத் தீ வைத்தனர். மே 8-இல் அனிலெவிச் மாண்டார். மே 16 அன்று யூதரின் பெருங்கோயிலை வெடி வைத்துத் தகர்த்தனர். ஸ்ட்ரூப் தன் அறிக்கைக்கு முற்றுப்புள்ளி வைத்தான்.

ரிங்கல்பிளம் நகரின் மற்றொரு பகுதியில் போலந்துக் குடும்பம் ஒன்று அமைத்த நிலவறையில் மனைவி, மகன், மற்றும் முப்பதுக்கு மேற்பட்டோருடன் மறைந்திருந்தார். அங்கும் எழுதிக் கொண்டேயிருந்தார். 1944 மார்ச் 7 அன்று அம்மறைவிடம் கண்டுபிடிக்கப்பட்டது. அனைவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். புகலிடம் தந்த போலந்துக்காரரும் உயிரிழந்தார்.

கண்டெடுத்தல்

ஆவணக் குழுவினரில் போருக்குப் பின் எஞ்சியவர் மூவரே: ஹெர்ஷ் வாசர், அவர் மனைவி புளூமா, ரேச்சல் அவர்பாக். நகரின் அப்பகுதி முழுதும் செங்கற் குவியலாகக் கிடந்தது. தெரு எது, வீடு எது என்று தெரியவில்லை. அவர்கள் காட்டிய குறிப்பைக் கொண்டு தோண்டியதில் 1946 செப்டம்பர் 18 அன்று தகரப் பெட்டிகள் கிடைத்தன. நீர் புகுந்து தாள்கள் நனைந்திருந்தன. எனினும் பெரும்பாலும் படிக்க முடிந்தது. 1950 டிசம்பர் 1 அன்று கட்டட வேலை செய்தோர் மண்ணைத் தோண்டும் போது பால் கேன்கள் இரண்டும் கிடைத்தன. மூன்றாம் பகுதி கிடைக்கவே இல்லை. கிடைத்தவை ஏறத்தாழ 35,000 பக்கங்கள். அவை வார்சாவில் உள்ள யூத வரலாற்று நிறுவனத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. 1999-இல் யுனெஸ்கோ நிறுவனம் இவ்வாவணங்களை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

முடிவுரை

ஸ்ட்ரூப்பின் தோல் அட்டை அறிக்கை நியூரம்பர்க் நீதிமன்றத்தில் அவனுடைய கூட்டத்தாருக்கு எதிரான சான்றாயிற்று. அவனும் 1952-இல் வார்சாவில் தூக்கிலிடப்பட்டான். ஆனால் அவ்வறிக்கையில் யூதர் என்போர் எண்ணிக்கை மட்டுமே, பெயரில்லை, முகமில்லை. அறைக்கு எத்தனை மணி அடிக்க வேண்டும் என்பதையும், சட்டைக்குள் உருளைக்கிழங்கை ஒளித்து வந்த சிறுமியையும், நாளைக்குச் சாகப் போகிறவனுக்கு இன்றைக்குச் சூப் ஊற்றிய பெண்ணையும் நாம் அறிவது பால் கேன்களில் இருந்த தாள்களால்தான்.

வார்சா கெட்டோவில் உடலால் பிழைத்தவர் மிகச் சிலர். பிழைப்புக்காக உழைத்தவர் அனைவரும். பிழை செய்தவரும் உண்டு. இம்மூன்றையும் ஒளிக்காமல் எழுதியவர்கள் தம் உயிரைக் காத்துக்கொள்ளவில்லை, நடந்ததைக் காத்தனர். வரலாறு பயிலும் மாணவருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. சான்று என்பது எங்கோ தானாக விளைந்து நமக்காகக் காத்திருப்பதன்று. யாரோ ஒருவர், பசியோடும் அச்சத்தோடும் உட்கார்ந்து எழுதி, இன்னொருவர் குழி தோண்டிப் புதைத்து, மூன்றாமவர் நினைவு வைத்திருந்து காட்டியதால்தான் அது நம் கைக்கு வருகிறது. அடுத்த முறை நூலகத்தில் பழைய ஆவணம் ஒன்றைத் தொடும்போது இதனை நினைத்துக் கொள்வது நன்று.